விரிசலில் இறங்கிய சிவப்பு மை

உலை ஆறி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் வீட்டில் மூத்த மருமகளும் அவள் கொழுந்தனும் உப்பு, தண்ணீர், சாவி என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழ் இருந்து கிளம்பி ஒரே ஆய்வுக்கூடத்துக்குப் போய் வருகிறவர்கள். அவள் பொடி அரைக்கிறவள். சின்னவன், அந்தப் பொடியில் செய்த தகட்டை உலையில் வைத்து ஓட்டுகிறவன். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தகடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடீரென்று படுத்துவிட்டது. கெட்டது அவள் பொடியா, அவன் ஓட்டிய லட்சணமா? இரண்டு பேர் மனதிலும் இருந்தது இந்தக் கேள்விதான். வாயைத் திறந்து கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இருவருமே கேட்கவில்லை.

நடுவில் நின்று சமாதானம் பேச வேண்டிய மூத்தவன், அதாவது அவள் புருஷன், நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் இருந்தான். போன் போட்டால் பாதி நேரம் எடுக்காது. எடுத்தாலும் காற்றுச் சத்தம்தான் பேசும். "பெரியவன் கடலுக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுக்கிறான், அவன் பொண்டாட்டி அந்த எண்ணெய்க்கு வேலையில்லாமப் பண்ணப் பார்க்கிறா" என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மாமியார் சொன்னதில் பெரிய தப்பில்லை. தண்ணீரை ஆவியாக்கி, உலைச் சூட்டில் மின்சாரத்தைக் கொடுத்துப் பிரித்தால் எரிக்கக்கூடிய ஹைட்ரஜன் கிடைக்கும். பிரிக்கிற வேலையைச் செய்வது உள்ளங்கை அகலத்தில் ஒரு பீங்கான் தகடு. அதை அங்கே செல் என்பார்கள். ஒரு முகத்தில் நிக்கல் பூத்திருக்கும். ஆவி வந்து மோதிப் பிரிவது அந்த முகத்தில்தான். நிக்கலிடம் ஒரு கெட்ட பழக்கம், உட்கார்ந்த இடத்தில் உட்காராது. நாளாக ஆக மெல்ல நகர்ந்துபோய்விடும், தகடும் சோர்ந்துவிடும். நிக்கலை அதன் இடத்திலேயே பிடித்து வைக்கிற மாதிரி ஒரு பொடிக் கலவையைக் கண்டுபிடிக்க மருமகளுக்குக் கல்யாணத்துக்குப் பிந்திய வருஷங்கள் முழுக்கப் போயிற்று. பிள்ளை எப்போது என்று கேட்டு அலுத்த சொந்தக்காரர்கள், பொடி எப்போது என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

இந்தத் தகடு அந்தப் பொடியில் செய்தது.

புதன்கிழமை காலை உலையைத் திறந்தார்கள். டைரக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சின்னவன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். வழக்கமாக வாயில் ஏதாவது பாட்டு இருக்கும், இன்றைக்கு இல்லை. மேல் தட்டைத் தூக்கியதும் தகடு தெரிந்தது. ஒரே சீரான சாம்பல் நிறம்.

"பார்வைக்கு ஒண்ணும் தெரியலையே?" என்றார் டைரக்டர்.

"வெளியில தெரியாது சார்," என்றான் சின்னவன். "உள்ள நிக்கல் நகர்ந்திருக்கும்."

மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

"நகர்றதுன்னா மாசக்கணக்கா நகரும் சார்," என்றாள் அவள். "ஒரே சாயங்காலத்துல நகராது. தகடு கேட்கிற வோல்ட் படியேறுற மாதிரி ஒரே எட்டுல ஏறியிருக்கு. ஹைட்ரஜன் நின்னு போனாத்தான் அப்படி ஏறும்."

அவள் சொன்னது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பால பாடம். சூடான ஆவி தனியாகப் போனால் நிக்கலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். அதனால் ஆவியோடு எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்து போக வேண்டும். அது நின்றால் நிக்கல் துருவேறி உப்பும், மேலே ஒட்டியிருக்கிற பீங்கான் தாங்காது.

டைரக்டர் சின்னவனைப் பார்த்தார். "கேஸ் நின்னுதா?"

"இல்லைங்க சார்."

கேஸ் ஓடியதா இல்லையா என்று எழுதி வைக்க வேண்டிய மீட்டர் பல மாதமாக ஊமை. புதிதாக வாங்கித் தருகிறேன் என்று டைரக்டரும் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபத்து மணி ஒன்று உண்டு. அது எதற்கெடுத்தாலும் அடித்து உயிரை வாங்கியதால் எல்லோருமாகச் சேர்ந்து அதன் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். ஆகவே சாட்சி என்று பார்த்தால் சின்னவனின் வாய் ஒன்றுதான்.

"நாளைக்குக் காலையில தகடு வாங்கப் போற கம்பெனிக்காரங்க வர்றாங்க," என்றார் டைரக்டர். "நம்ம பொடியா, வெளியில கிடைக்கிற ரெடிமேட் பொடியான்னு அவங்க முடிவு பண்ணணும். படுத்துப்போன தகட்டைக் கையில வச்சுக்கிட்டு நான் என்னத்தைப் பேசறது? வெளிப் பொடின்னு ஆயிட்டா அரைக்கிற அறையை நடத்த எனக்கு வழியில்லை மேடம். முன்னாடியே சொல்லிடறேன்."

"சாயங்காலம் வரைக்கும் தகடு என்கிட்ட இருக்கட்டும் சார்."

"வச்சுக்குங்க. நாளைக்கு அதை வேற யாரும் கேட்கப் போறதில்லை."

பொடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. வெளி ஆள் யாராவது அவள் பொடியைக் குறை சொல்லியிருந்தால் சரிக்குச் சரி நின்று பேசியிருப்பாள். காலையில் அவள் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தவன் சொல்லும்போது அதற்கு மேல் வாதாடத் தோன்றவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தாள். தகட்டின் மறு முகத்தில் ஓரத்தைச் சுற்றிப் பீங்கான் வெறுமையாக, வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு மையை விட்டாள். கொஞ்ச நேரம் ஊற வைத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள். நல்ல தகடாக இருந்தால் துடைத்ததும் பளிச்சென்று வெள்ளையாகிவிடும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய நல்ல தகட்டையும் வைத்து அதிலும் மை விட்டுத் துடைத்தாள். அது பளிச்சென்று ஆனது.

இது ஆகவில்லை. ஆவி நுழைகிற பக்கத்திலிருந்து மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளம்பி, கிளை பிரிந்து ஓடியிருந்தன. துடைக்கத் துடைக்க இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

அந்தப் பக்கத்தில் ஒரு ஓரத்தை ஒடித்து எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். நிக்கல் மணிகள் போட்ட இடத்தை விட்டு நகரவே இல்லை. வருஷக்கணக்காக அவள் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு மணியும் பஞ்சு மாதிரி உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது. ஒரு தடவை துருவேறி உப்பி, ஹைட்ரஜன் திரும்பி வந்ததும் மறுபடி நிக்கலாகச் சுருங்கினால்தான் மணி இப்படி ஆகும். நிறம் பழையபடி சாம்பலுக்கு வந்துவிடும். வெடித்த பீங்கான் மட்டும் ஒட்டாது.

பொடி பிழைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. பொடி பிழைத்தது என்றால் வேறு யாரோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அந்த யாரோ பின்பக்கம் சிலிண்டர் கொட்டகையில் இருந்தான்.

மத்தியானம் அவள் போனபோது சின்னவன் சிலிண்டர்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். அவள் தகட்டை நீட்டினாள். அவன் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எவ்வளவு நேரம் நின்னுது?" என்று கேட்டாள்.

"தெரியல அண்ணி. அதிகம் இல்லை."

"எப்படி நின்னுது?"

அவன் ஒரு சிலிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஓடிக்கொண்டிருந்த சிலிண்டர் தீர்கிற நிலைக்கு வந்துவிட்டது. மாற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் சிலிண்டரிடம் நிற்க வேண்டும், இன்னொருவர் ஆவிக் குழாயிடம். கூட இருக்க வேண்டியவருக்குப் பல்வலி, வரவில்லை. யாரையாவது கூப்பிட்டு, அவர் வந்து சேர்கிற வரை ஏன் காத்திருக்க வேண்டும், கண் மூடித் திறப்பதற்குள் மாற்றிவிடலாம் என்று தனியாக இறங்கினான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டித் திறந்தால், அழுத்தம் காட்டுகிற முள் அசையவில்லை.

"காலி சிலிண்டர் அண்ணி. சாக்பீஸ்ல 'காலி'ன்னு எழுதியிருந்ததை மழை அடிச்சுட்டுப் போயிடுச்சு. முழுசுங்க வரிசையில நின்னுது. நான் மாட்டிட்டேன்."

"ஆவி?"

"ஓடிக்கிட்டு இருந்துது. பதட்டத்துல அதை மூடத் தோணல. இன்னொண்ணை உருட்டிக்கிட்டு வரத்தான் ஓடினேன்." சங்கிலியை இழுத்துப் பார்த்தான். "ஹைட்ரஜன் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் வோல்ட் கொஞ்சம் இறங்குச்சு. பழையபடி ஆயிடும்னு நெனச்சேன்."

"அது சரி, தப்பு யாருக்கும் வரும். காலையில என் பொடி மேல ஏன் போட்டே?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"உங்க பொடி போனா நீங்க இன்னொரு பொடி செய்வீங்க. எனக்கு இந்த மாசக் கடைசியிலதான் வேலை நிரந்தரம் ஆகணும். தனியா மாத்தினேன்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க."

"இன்னொரு பொடியா?" அவள் குரல் ஏறியது. "ஏதோ தோசைக்கு மாவு அரைக்கிறேன்னு நெனச்சியா? ஒவ்வொரு கலவையும் எப்படிப் பாழாப் போச்சுன்னு உனக்குத்தானே தெரியும்? அத்தனை தகட்டையும் ஓட்டினவன் நீதானே? என் புருஷனுக்குக்கூடத் தெரியாதுடா, உனக்குத் தெரியும்."

அவள் அவனை டா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

சின்னவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். அழுதானா, வேர்வையா என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தால் இரக்கம் வந்துவிடும், வந்தால் பேச்சு முடிந்துவிடும்.

"நான் இப்பவே சார்கிட்டப் போய்ச் சொல்லலாம்," என்றாள். "சொல்லல. நாளைக்குக் காலையில கம்பெனிக்காரங்க வர்றதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லு. உன் வாயால சொன்னா உனக்கு மரியாதை. நானும் கூட நிக்கிறேன். மீட்டரும் மணியும் வேலை செய்யாததுக்கு யார் காரணம்னு நான் கேட்பேன். பல்வலிக்காரர் இடத்துக்கு ஏன் ஆள் போடலைன்னும் கேட்பேன். ஆனா நீ சொல்லணும்."

"சொல்றேன் அண்ணி."

"சத்தியமா?"

"சொல்றேன்னு சொல்றேன்ல."

அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு நம்பிக்கை வந்தது. பொய் சொல்லும்போது அவன் மிகவும் மரியாதையாகப் பேசுவான். அலுத்துக்கொண்டு பேசினால் உண்மை.

சாயங்காலம் அவன் அவளுக்கு முந்திய பஸ்ஸில் வீட்டுக்குப் போனான். அவளுக்கு அரைக்கிற ஜாடிகளைக் கழுவி வைக்கிற வேலை இருந்தது. பச்சைப் பொடி விரலிடுக்கில் ஒட்டினால் சோப்புக்கு லேசில் மசியாது. நிக்கல் துரு என்றாலே பச்சைதான். உலைக்குள் ஹைட்ரஜன் பட்ட பிறகே சாம்பல் நிறம் வரும். கையுறை போட்டுத்தான் கழுவினாள், அப்படியும் மணிக்கட்டில் பட்டுவிட்டது. தேய்த்துக்கொண்டே நாளைய பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். மனசு லேசாக இருந்தது. கொழுந்தனையும் காப்பாற்றி, பொடியையும் காப்பாற்றி, தன்னைப் பற்றித் தானே கொஞ்சம் மெச்சிக்கொள்கிற நிலைக்கும் வந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. டைரக்டர்.

"உங்ககிட்ட இருந்து இதை எதிர்பார்க்கல மேடம்," என்றார். அவர் கத்தவில்லை, அதுதான் விபரீதமாகப் பட்டது. "காலையில அந்தப் பையனை நிக்க வச்சுக் கேள்வி கேட்டேன். நீங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டு, கேஸ் நின்னாத்தான் இப்படி ஆகும்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க."

"சார், எதைச் சொல்றீங்க?"

"உங்க வீட்டுல இருந்து பேசினாங்க. எல்லாம் சொன்னாங்க. நாளைக்குச் சீக்கிரம் வாங்க. வரும்போது பொடி அறைச் சாவியை எடுத்துக்கிட்டு வாங்க."

போன் வைக்கப்பட்டது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனதைப் பிறகுதான் பார்த்தாள். ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி நடந்து வந்தாள்.

வீட்டில் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மருமகளின் புடவை மடிப்பு பிசகாமல் தனியாக அடுக்கப்பட்டிருந்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"வந்துட்டியா? உட்காரு. ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"அத்தை, எங்க டைரக்டருக்குப் போன் பண்ணினது யாரு?"

"நான்தான்," என்றாள் மாமியார், துண்டின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்தபடி. "சின்னவன் வந்ததும் எல்லாம் சொன்னான். காலையில போய்ச் சொல்லப் போறேன்னான். எனக்குப் பயமாப் போச்சு. அப்புறம் முகம் கழுவப் போனான், போனைக் கட்டில்ல வச்சுட்டுப் போனான். நம்பர் அதுல இருந்துது."

"என்ன சொன்னீங்க?"

"பையன் மேல தப்பில்லை, தனியா மாத்திடுன்னு அவன் அண்ணிதான் சொன்னாங்க, பெரியவங்க சொல்றப்போ தட்ட முடியாம செஞ்சுட்டான்னு சொன்னேன்."

இந்த வீட்டுக்கு வந்த பிறகு மாமியார்மேல் அவளுக்குக் கோபமே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி வயிறு எரிந்ததில்லை.

"நான் சொல்லலையே அத்தை! எனக்கு ஒண்ணுமே தெரியாதே! எப்படி வாய் வந்துச்சு உங்களுக்கு?"

"ஏன் கத்தறே? உன்னை என்ன செஞ்சிருவாங்க?" மாமியார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "நீ இல்லாம அங்க எதுவும் ஓடாதுன்னு அவரே போன தடவை இந்த வீட்டுல உட்கார்ந்து சொல்லிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டுவாங்க. நீ பெரியவ, வாங்கிக்குவே. அவனை அப்படியா விடுவாங்க? கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க. ரெண்டு பேர்ல யாரால தாங்க முடியுமோ அவங்க தலையில வச்சேன். இதுல என்ன தப்பு?"

"சாவியைக் கொண்டு வரச் சொல்லிட்டார்."

"என்ன சாவி?"

"என் அறைச் சாவி."

துண்டு மாமியார் மடியிலேயே நின்றது. அவள் கணக்கில் இது வரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து மருமகளுக்கு ஆத்திரம் குறையவில்லை, இன்னும் கூடியது. வேண்டுமென்று செய்திருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். பாசத்தில் செய்துவிட்டு முழிக்கிறவளை என்ன செய்வது?

குளியலறைக் கதவு திறந்தது. சின்னவன் ஈரத் தலையோடு நின்றான். எவ்வளவு கேட்டான் என்று சொல்ல முடியாது. தண்ணீர்ச் சத்தம் நின்று நேரமாகியிருந்தது.

மருமகள் அவன் பக்கம் திரும்பினாள். "காலையில நீ சொல்றேன்னு சொன்னதைச் சொல்லு. அது போதும். நடந்தது நடந்தபடி."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா துண்டை மறுபடி பிரித்து, மறுபடி மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"மத்தியானம்னா சொல்லியிருப்பேன் அண்ணி," என்றான். "அப்ப நான் தப்பு செஞ்சேன்னு மட்டும் சொன்னாப் போதும். இப்ப எங்க அம்மா பொய் சொன்னாங்கன்னும் சேர்த்துச் சொல்லணும்."